ஒண்ணாம் தேதி கட்சி மாற்றம்

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க மூணு பேரும் சௌக்கியம். உங்க காது எப்படி இருக்கு? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து மெஷின் சத்தம் பாதிக் காதைத் தின்னுடுச்சு, போன்ல நீ அழறியா சிரிக்கிறியான்னே தெரியல, எதுவா இருந்தாலும் எழுதுன்னு சொன்னீங்க. அதான் எழுதறேன்.

விவாகரத்து ஆகி அஞ்சு மாசம் ஆச்சே, இனிமே உங்களை அக்கான்னு கூப்பிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். உங்க தம்பியைத்தான் விட்டேன், உங்களை ஏன் விடணும்?

விஷயம் இதுதான். இந்த மாசம் பொறந்ததுலேருந்து நம்ம மேடம் அவங்க அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன்னு ஒரே அடம். பதினொரு வயசுப் பொண்ணு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. "எனக்கு நீ போதும்மா"ங்குது. நான் கண்ணாடிக் கடையிலேருந்து வந்ததும் என் செருப்பை எடுத்து ஓரமா வைக்குது. சொன்னா நம்புவீங்களா, எனக்குத் தலைகால் புரியல. எந்தக் குழந்தை சும்மா அப்படிச் சொல்லும்? அங்க என்ன நடக்குதோ!

சின்னவன் பட்டாணிதான் துரோகி. ஆறு வயசுல என்னா பேச்சு! "எங்க அப்பா எவ்ளோ பெரிய பஸ் ஓட்டறாரு தெரியுமா, நீ என்ன, மூக்குக்கண்ணாடிதானே விக்கிற"ங்கறான். யார் சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

வாரக்கடைசியில அவர் கிட்ட அனுப்பற ஏற்பாட்டையே ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்னு வக்கீல் சொல்றாங்க. போடப்போறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

உங்க தம்பியோட முன்னாள்


ஏப்ரல் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

காது அப்படியேதான் இருக்கு, மத்தபடி குறையில்ல. உன் முதுகுவலி தேவலையா?

படிச்சதும் வயிறு எரிஞ்சுது. நீ சொல்றதுதான் சரி. என் தம்பி ஆனா என்ன, அவன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலயே ஒரு பம்பரத்துக்காக ரெண்டு நாள் பட்டினி கிடந்தவன். பொண்ணு மனசு கசந்து போச்சுன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும். உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். நான் இருக்கேன்.

மேடத்துக்கு முத்தம். பட்டாணிக்கு ஒரு குட்டு, அப்புறம் முத்தம்.

அக்கா


மே 9

அக்கா,

நல்லா இருக்கியா? நான் இருக்கேன். டிப்போவுல இந்த மாசம் எனக்குக் காலை ஷிஃப்ட். ஒண்ணாம் தேதிதான் புதுப் பட்டியல் ஒட்டினாங்க. மாசாமாசம் செய்யற மாதிரி அதை எழுதிட்டு வந்து, போன மாசத்துப் பட்டியலுக்குக் கீழ ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கேன்.

போன மாசம் பூரா மேடம் எனக்கு முகம் குடுத்துப் பேசல. நான் போட்ட முட்டையைத் தொடவே இல்ல. "பசிக்கல"ன்னு சொல்லிட்டு சுவரைப் பாத்து உக்காந்திருந்தா. அவங்க அம்மா என்னத்தை ஓதி அனுப்பினாளோன்னு கொதிச்சுப் போயிருந்தேன். ஆனா இந்த மாசம் எல்லாம் தலைகீழ். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விடப்போனா படிக்கட்டுலயே உக்காந்து அழறா. "அப்பா, உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"ங்கறா. நான் பஸ்ல எத்தனை கூட்டத்தைப் பாத்திருக்கேன், இந்த ஒரு குழந்தை அழுததுக்கு என்ன பண்றதுன்னு தெரியாம நானும் படிக்கட்டுல உக்காந்துட்டேன் அக்கா. அந்த வீட்டுல அவளை என்ன பாடு படுத்தறாங்களோ.

பட்டாணி வேற இப்போ "அம்மா கிட்டப் போகணும், அம்மா கிட்டப் போகணும்"ன்னு நச்சரிக்கிறான். போன மாசம் என் தோளைவிட்டு இறங்காத பய!

அவ மனு போட்டிருக்காளாம். சரி, நானும் போட்டுட்டேன். ரெண்டு பேரையும் என் கிட்டயே குடுங்கன்னு.

உடம்பைப் பாத்துக்க.

தம்பி


மே 16

அன்புத் தம்பி,

உன் கடிதம் பாத்து மனசு ஆறல. காலை ஷிஃப்ட்னா சாப்பிடாம ஓடாதே, பையில ரொட்டியாவது வச்சுக்க.

நீ சொல்றதுதான் சரி. அவ நல்லவதான், ஆனா வாய் கொஞ்சம் நீளம். குழந்தைங்க முன்னாடி எதை விழுங்கணும்னு தெரியாது. மேடம் உன் கிட்ட ஒட்டறான்னா உன் பாசம்தான் ஜெயிக்குது. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். நான் இருக்கேன்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? எனக்குத்தான் தூக்கமே இல்ல.

போன மாசம் நான் எழுதவே இல்ல. எழுத வெக்கமா இருந்துச்சு. மே மாசம் பூரா மேடம் என்னை எதிரி மாதிரி பாத்துச்சு. நான் கட்டிக்குடுத்த சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துச்சு. "அப்பா வீட்டுல தூசியே இருக்காது"ன்னு என் அலமாரியை விரலால தடவிக் காட்டுச்சு. கடையில ஒரு பெரியவருக்கு ஃப்ரேம் மாட்டிவிடும்போது அது ஞாபகம் வந்து, அவர் காதுல குத்திட்டேன்.

இப்போ பழையபடி "எனக்கு நீ போதும்மா". பட்டாணி திரும்ப அப்பா புராணம். என்னால முடியலக்கா. அவர் என்ன மருந்து வச்சுக் குழந்தைங்களை இப்படித் திருப்பறாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்.

ஆகஸ்ட் 21 வழக்கு. நீதிபதி அம்மா ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு யாரோட இருக்கணும்னு கேப்பாங்களாம். அதோட முடிஞ்சுது.

ஜூன் கடைசியில வர்ற பள்ளிக்கூட லீவுல பத்து நாள் அவங்களை உங்க கிட்ட அனுப்பட்டுமா? நீங்க அவர் பக்கமும் இல்ல, என் பக்கமும் இல்ல. அதிசயமா உங்க தம்பியும் இதுக்குச் சரின்னுட்டாராம்.

மாத்திரையை மறக்காதீங்க.

தங்கச்சி


ஜூலை 6

உங்க ரெண்டு பேருக்கும்,

ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களான்னு கேக்கப்போறதில்ல. கேட்டா ஆளுக்கொரு புலம்பல் வரும். சலவைச் சீட்டு போடற கார்பன் பேப்பரை வச்சு ஒரே கடிதத்தை ரெண்டு பிரதி எடுத்திருக்கேன். யாருக்கு மேல் தாள், யாருக்கு அடித்தாள்னு அதுக்கும் கோர்ட்டுக்குப் போகாதீங்க.

பிள்ளைங்க வந்த நாலாம் நாள், ஜூலை ஒண்ணாம் தேதி, காலைல முட்டை பொரிச்சுப் போட்டேன். பட்டாணி வாயில வச்சதும், "எங்க அப்பா பண்ற முட்டைதான் முட்டை"ன்னான். மேஜைக்கு அடியில ஒரு உதை. மேடம்தான். "இன்னிக்கு ஒண்ணாம் தேதிடா!" அவன் மெல்லறதை நிறுத்தினான், யோசிச்சான், "எங்க அம்மா பண்ற முட்டைதான் முட்டை"ன்னு மாத்திச் சொல்லிட்டு மறுபடி மெல்ல ஆரம்பிச்சான்.

இருபது வருஷமா சலவைக்கூடத்துல ஷிஃப்ட் பட்டியல் போடறவ நான். முறை மாத்தறது எனக்கா தெரியாது? பட்டாணியைச் சலவைக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய் அழுக்குத்துணி வண்டியில உக்கார வச்சு வேகமா சுத்தினேன். ரெண்டாவது சுத்துல குட்டு வெளிப்பட்டுடுச்சு.

முறை போட்டிருக்காங்க. ஏப்ரல்ல மேடம் அம்மா கட்சி, பட்டாணி அப்பா கட்சி. மே மாசம் மாத்தி. ஜூன்ல திரும்ப மாத்தி. அப்பா ஃப்ரிட்ஜ்ல ஒட்டின ஷிஃப்ட் பட்டியலைப் பாத்து மேடம் போட்ட ஏற்பாடு. விதி கூட இருக்கு. யார் கட்சியோ அவங்களைப் பிரியும்போது கொஞ்சமாவது அழணும். அந்த வீட்டுச் சாப்பாட்டை ரெண்டு தடவை கேட்டு வாங்கணும். எதிர்வீட்டைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க கடிதங்களை இஸ்திரி மேஜையில வரிசையா வச்சுத் தேதி பாத்தேன். ஒரு நாள் பிசகல. என் ஆளுங்க கூட இவ்வளவு ஒழுங்கா முறை மாத்தினது கிடையாது.

ஏன்டி இப்படின்னு மேடத்தைக் கேட்டேன். என்னைப் பாத்து, விவரம் தெரியாதவங்க கிட்ட சொல்ற மாதிரி சொன்னா: "ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா இன்னொருத்தர் தனியா ஆயிடுவாங்க அத்தை."

அதோட விட்டிருந்தா நான் சிரிச்சிருப்பேன். அவ தம்பிக்கு ஷூ லேஸ் கட்டப் பழக்கிக்கிட்டிருந்தா. தினமும் அரைமணி நேரம். தப்பா கட்டினா அவிழ்த்து மறுபடியும். அவன் அழறான், இவ விடல. "எதுக்கும்மா இந்த அவசரம், நீதான் கட்டிவிடறியே?"ன்னேன். "ஆகஸ்ட்ல கோர்ட். அப்போ என் முறை அம்மா. அவன் முறை அப்பா. கோர்ட்ல ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாதாம். அந்த வீட்டுல காலைல இவனுக்குக் கட்டிவிட ஆள் இருக்காது."

புரியுதா? நீங்க ரெண்டு பேரும் தனியா ஆயிடக் கூடாதுன்னு, அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுக்க முடிவு பண்ணிட்டாங்க. பொம்மைங்களைக் கூடப் பங்கு போட்டாச்சு.

நான் போய்த் துணி மூட்டைங்க நடுவுல உக்காந்து அழுதேன். அவங்களுக்காக மட்டும் இல்ல. தம்பி, அவளுக்கு எழுதினதுல உன்னைப் பிடிவாதக்காரன்னேன். உனக்கு எழுதினதுல அவ வாய் நீளம்னேன். ரெண்டு பேருக்கும் "நீ சொல்றதுதான் சரி"ன்னேன். பெத்தவங்களைச் சமாதானப்படுத்த அந்த ரெண்டு வாண்டுங்க பாக்கற வேலையைத்தான் நாப்பத்தெட்டு வயசுல நானும் பாத்திருக்கேன். வெக்கமா இருக்கு. இப்போ சொல்றேன், நீங்க ரெண்டு பேர் செய்யறதும் தப்பு.

மனுவை என்ன செய்யணும்னு நான் சொல்லப்போறதில்ல. ஆனா பிள்ளைங்க கிட்ட போய் "எங்களை ஏமாத்தினீங்களா"ன்னு மட்டும் யாராவது கேட்டீங்க, நேர்ல வந்துடுவேன்.

அக்கா


ஜூலை 20

ரெண்டு பேருக்கும்,

நான் எழுதிப் பதினாலு நாள் ஆச்சு. பிள்ளைங்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டதுலேருந்து உங்க யார் கிட்டேயிருந்தும் ஒரு வரி இல்ல. உயிரோட இருக்கீங்களான்னாவது எழுதுங்க.

அக்கா


ஜூலை 29

அக்கா,

உயிரோடதான் இருக்கேன்.

முதல்ல உன் மேல கோவம். அப்புறம் அவ மேல. ஒரு வாரம் கழிச்சு ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கப்போனவன், பட்டியலைப் பாத்துட்டு அங்கேயே நின்னுட்டேன். ஓரத்துல பென்சில்ல பொடியா ரெண்டு எழுத்து, ஒவ்வொரு மாசத்துக்கும், யார் எந்தக் கட்சின்னு. தினமும் பாத்திருக்கேன். பட்டாணி கிறுக்கினதுன்னு நெனச்சிருந்தேன்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னு தெரியாம டோக்கன் வாங்கிக்கிட்டு வரிசையில உக்காந்தேன். என் நம்பர் வந்துச்சு. அவ நிமிர்ந்து பாத்தா. கத்துவான்னு நெனச்சேன். "உள்ள வாங்க"ன்னு கண் பாக்கற அறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினா. ரெண்டு பேரும் சுவத்துல மாட்டியிருந்த கண் சோதனைப் பலகை எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம்.

"லேஸ்..."ன்னேன். நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அவளும் முகத்தைத் துடைச்சுக்கிட்டா.

என்ன பேசினோம்னு எழுத வராது அக்கா. நாங்க திரும்பச் சேரப்போறோம்னு கற்பனை பண்ணிக்காதே, அது இல்ல. ஆனா ரெண்டு மனுவையும் திரும்ப வாங்கிட்டோம். கடைசியில அவ, "வந்ததுதான் வந்தீங்க, பலகையைப் படிங்க"ன்னா. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேணுமாம் எனக்கு. அதை அவ சொன்னப்போ முகத்துல இருந்த சந்தோஷத்தை நீ பாத்திருக்கணும்!

தம்பி


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நேத்து ராத்திரி நல்லா தூங்கினேன். அதனால சௌக்கியம்னு தைரியமா எழுதறேன்.

ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க கிட்ட பேசினோம். எங்கன்னு நெனக்கிறீங்க? டிப்போவுல, காலியா நின்ன பஸ்ல. என் வீடும் வேண்டாம், அவர் வீடும் வேண்டாம்னு அவர்தான் சொன்னாரு. அவர் டிரைவர் சீட்டுல திரும்பி உக்காந்தாரு. நான் கம்பியைப் பிடிச்சு நின்னேன். ரெண்டும் முன்சீட்டுல கைகட்டி உக்காந்து, தண்டனைக்குக் காத்திருக்கற மாதிரி எங்களைப் பாத்துச்சு.

"முறை எங்களுக்குத் தெரியும்"னு அவர் சொன்னதுதான் தாமதம், மேடம் பட்டாணியைத் திரும்பி முறைச்சுச்சு. பட்டாணி "நான் சொல்லல, வண்டி சுத்துச்சு, அதுவா வந்துடுச்சு"ன்னான்.

"யாரும் தப்பு பண்ணல. இனிமே முறை வேணாம்"ன்னேன் நான். மேடம் சும்மா ஒத்துக்குமா? வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை! "நாங்க ரெண்டு பேரும் அப்பா கிட்ட போனா சனிக்கிழமை நீ என்ன பண்ணுவே?" "பத்து மணி வரைக்கும் தூங்குவேன். அப்புறம் நீச்சல் கத்துக்கப் போவேன்." "பொய். உனக்குத் தண்ணின்னா பயம்." "அதனாலதான் கத்துக்கறேன்." அப்பா பக்கம் திரும்புச்சு. "திங்கக்கிழமை சாயங்காலம் நீங்க?" "டிப்போ ஆளுங்களோட வாலிபால். போன வாரம் நாலு கேம் ஜெயிச்சேன்." "தோத்தது எத்தனை?" "ஆறு."

அதுக்கப்புறம்தான் கொஞ்சம் நம்புச்சு. நான் மண்டி போட்டு உக்காந்து சொன்னேன்: "உனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். தாராளமா என் எதிர்லயே சொல்லலாம். எனக்கு வலிக்காது." கொஞ்சம் வலிச்சுதுதான் அக்கா, உங்க கிட்ட மறைப்பானேன். ஆனா அது என் பாடு, அதைக் குழந்தை தலையில ஏன் கட்டணும்? அவரும் அதே மாதிரி என்னைப் பத்திப் பட்டாணி கிட்ட சொன்னாரு. தொண்டையைக் கனைச்சுக் கனைச்சு, எப்படியோ சொல்லிட்டாரு.

மேடம் அழுதுச்சு. விதிப்படி அழறது இல்ல, மூக்கெல்லாம் ஒழுகிச் சத்தமா. பட்டாணிக்குத்தான் குழப்பம் தீரல. "அப்போ நாளைக்கு நான் யாரு?"ன்னான்.

"நாளைக்கு நீ பட்டாணி"ன்னாரு அவங்க அப்பா.

மனுவைத் திரும்ப வாங்கினாலும், நீதிபதி அம்மா பிள்ளைங்களை ஒரு தடவை பாக்கணும்னுட்டாங்க. மனசு திக்குதிக்குன்னு இருக்கு. ஒரே ஒரு தடவை பழக்கதோஷத்துல முறைப்படி பதில் சொல்லிட்டா?

தங்கச்சி


ஆகஸ்ட் 23

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பா நலம், கண்ணாடி போட்டா வாத்தியார் மாதிரி இருக்காரு. பட்டாணிக்கு முன்பல் விழுந்துடுச்சு. உங்களுக்கு நானே எழுதறேன்னு ரெண்டு பேர் கிட்டயும் சொல்லிட்டேன்.

கோர்ட்ல நீதிபதி அம்மா ரூம் சின்னதா இருந்துச்சு. நிறைய ஃபைல், ஒரு பூச்செடி. தனித்தனியா வரணும்னாங்க. பட்டாணி என் கையை விடல. சரி, ரெண்டு பேரும் வாங்கன்னுட்டாங்க. அம்மாவும் அப்பாவும் வெளிய ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நடுவுல அம்மா பை.

முதல்ல பட்டாணியைத்தான் கேட்டாங்க. "நீ யாரோட இருக்கணும்னு ஆசைப்படற, கண்ணா? பயப்படாம சொல்லு." ஆகஸ்ட் மாசம் அவன் அப்பா. பழைய முறைப்படி அவன் அப்பான்னுதான் சொல்லணும். நான் அவனைப் பாக்கக் கூடாதுன்னு பூச்செடியையே பாத்தேன்.

அவன், "இவளோட"ன்னு என்னைக் காட்டினான்.

அவங்க திரும்ப, "இல்லப்பா, அம்மாவா அப்பாவா"ன்னாங்க. "அது எதுவா இருந்தாலும் பரவால்ல. இவளோட"ன்னான். அத்தை, நான் குனிஞ்சேன், அவனே கட்டின ஷூ லேஸ் கண்ணுல பட்டுச்சு. நான் இவனுக்கு லேஸ் சொல்லிக் குடுத்தப்போ எவ்வளவு திட்டினேன்!

நீதிபதி அம்மா பேனாவை வச்சுட்டு ஜன்னலைப் பாத்தாங்க, அப்புறம் எழுதினாங்க. என்னைக் கேட்டாங்க. நான், "எனக்கு ரெண்டு வீடும் வேணும். இவனும் வேணும். ஆனா அடுத்த வாரம் சனிக்கிழமை மட்டும் யாரும் வேணாம், ஃப்ரெண்ட் வீட்டுல நாள் பூரா விளையாடப் போகணும், ரெண்டு பேர் கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க"ன்னேன். அவங்க சத்தமா சிரிச்சாங்க. வெளிய இருந்தவங்களை உள்ள கூப்பிட்டு நிஜமாவே சொன்னாங்க! அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்துல "சரிங்க"ன்னாங்க.

பழைய ஏற்பாடே தொடரும், நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே போகணும், ஒண்ணாவே வரணும்னு தீர்ப்பு.

நேத்து வெள்ளிக்கிழமை. அப்பா கார்ல வந்து வாசல்ல ஹாரன் அடிச்சதும் நானும் பட்டாணியும் முன்சீட்டு யாருக்குன்னு சண்டை போட்டுக்கிட்டே ஓடினோம். நான்தான் ஜெயிச்சேன். பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு, அம்மாவுக்கு டாட்டா சொல்லவே இல்ல. உடனே அப்பா போன்ல கூப்பிட்டேன்.

அம்மா, "ரெண்டு கழுதைங்களும் திரும்பிக்கூடப் பாக்காம ஓடுதுங்க!"ன்னு திட்டினாங்க. திட்டிட்டு சிரிச்சாங்க. பொய்ச்சிரிப்பா இருக்குமோன்னு நல்லா கேட்டேன். இல்ல அத்தை, நிஜச் சிரிப்பு. எனக்கு வித்தியாசம் தெரியும்.

மெஷின் பக்கத்துல நிக்காதீங்க, காதைப் பாத்துக்கங்க.

மேடம்